பதினைந்து நாளும் ஒன்பது மாதமும்

2020 நவம்பர் 20. கோவா பாம்போலிம் மைதானத்தில் ஐ.எஸ்.எல். கால்பந்து சீசனின் முதல் ஆட்டம். கொரோனா காலம், அதனால் பார்வையாளர் கிடையாது. கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஏ.டி.கே. மோகன் பகானின் இடது ஓரத்தில் இறங்கிய மைக்கேல் சூசைராஜ், கால் மணி நேரத்துக்குள் முட்டிக் காயத்தோடு வெளியேறினார். அவருக்கு அந்த சீசன் அத்துடன் சரி. அதே அணியின் முன்கள வீரர் ஜோபி ஜஸ்டினும் முழங்கால் காயத்தால் அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. சூசைராஜ் கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர். ஜோபி திருவனந்தபுரம் வெட்டுக்காட்டுக்காரர். இரண்டும் ஒரே கடற்கரையின் மீனவர் ஊர்கள். நடுவில் ஒரு மாநில எல்லை.

இருவருமே திரும்பி வந்தார்கள். ஜோபி அடுத்த சீசனில் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடினார். சூசைராஜ் பிறகு ஒடிசா எஃப்.சி.க்குப் போனார். முட்டி போன நாளில் இருவர் கையிலும் கிளப் ஒப்பந்தம் இருந்தது. அதே மணலில் ஒப்பந்தம் ஏதும் இல்லாமல் ஆடுகிற பையனுக்கு முட்டி போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வார அலசல்.

எல்லையை ஒட்டி, கேரளப் பக்கம் இருக்கிறது பொழியூர். 2018இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வீழ்த்தி சந்தோஷ் டிராபி வென்ற கேரள அணியின் வீரர் எஸ். சீசன் உட்பட, மாநில அணிக்கு வரிசையாக ஆள் அனுப்பிய ஊர். ‘சந்தோஷ் டிராபி ஊர்’ என்றே அதற்குப் பெயர். ஆனால் இங்கிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குப் பூவார், நெய்யாற்றின்கரை வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்கிற முன் சிலுவைத் தசைநார் பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது. ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென்று திரும்புவார், அல்லது தலையால் முட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவார். ‘டப்’பென்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருக்கும். ‘சுளுக்குதான்’ என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் நாட்டு வைத்தியரான ஆசானிடம் தடவல். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து பையன் நேராக நடப்பான். குணமாகிவிட்டது என்று மறுபடி இறங்குவான். அடுத்த திருப்பத்தில் முட்டி நழுவும். இப்படி ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பு நசுங்குகிறது. இளவயதிலேயே மூட்டுத் தேய்மானத்துக்குப் பாதை போடுவது இந்த இரண்டாவது, மூன்றாவது காயங்கள்தான்.

இதைக் கண்டுபிடிக்க முதல் கட்டத்தில் எம்.ஆர்.ஐ. கூடத் தேவையில்லை. ஆளைப் படுக்க வைத்து, முட்டியை இருபது முப்பது பாகை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்னே இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனை போதும். தசைநார் சரியாக இருந்தால் இழுப்பு ஓரிடத்தில் ‘டக்’கென்று நிற்கும், அறுந்திருந்தால் வழுக்கிக்கொண்டே வரும். ஒரு நிமிட வேலை, பழகிய கை வேண்டும். அந்தக் கை நகரத்து விளையாட்டு மருத்துவரிடம் இருக்கிறது, கடலோர ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். அது அங்கே இல்லாததே ஏற்றத்தாழ்வின் முதல் படி.

இரண்டாவது படி அறுவைச் சிகிச்சை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை. 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி நகரத்தில் இருக்கிறது, பெரிய தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எல்லைக்கு அப்பால் தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதே 5 லட்சம். வயநாட்டுக்காரர் தாமரைச்சேரிச் சுரம் இறங்கிக் கோழிக்கோட்டுக்கும், காசர்கோட்டுக்காரர் மாநிலம் தாண்டி மங்களூருக்கும் போக வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால், தலைநகர மாவட்டம் கொடுத்து வைத்ததுதான்.

மூன்றாவது படியில்தான் கால் வழுக்குகிறது. இந்த அறுவையில் கிழிந்ததைத் தைப்பதில்லை. பெரும்பாலும் தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்து எலும்பில் துளையிட்டுப் புதிதாகப் பொருத்துகிறார்கள். பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் பலவீனமடைந்து, பிறகுதான் மெல்ல உரமேறுகிறது. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்பதாவது மாதம் வரை களமிறங்குவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் வீதத்தைப் பாதியாகக் குறைக்கிறது. ஆக, குறைந்தது ஒன்பது மாதப் பிசியோதெரபி வேண்டும். காருண்யா திட்டமோ வீடு திரும்பிய பின் 15 நாள் செலவைத்தான் ஏற்கிறது.

அந்த இடைவெளியை யார் நிரப்புவது? ஊன்றுகோலோடு பஸ் மாறி நகரத்துக்கு வர வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் அன்றைய வருமானமும் போச்சு. ஆடும் வள்ளத்தில் ஒரு காலில் நம்பிக்கை இல்லாமல் நிற்க முடியாது, அதனால் பையனின் கடல் பங்கும் போச்சு. சிகிச்சையை நடுவில் விட்டுவிட்டு, தொடைத் தசை சூம்பிய காலோடு செவன்ஸ் என்கிற எழுவர் கால்பந்து ஆடப் போய் மறுபடி கிழித்துக்கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மறுபக்கம் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்தைப் பாருங்கள். 2022 டிசம்பர் 30 கார் விபத்துக்குப் பின் டேராடூனிலிருந்து விமானத்தில் மும்பைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முழங்கால் தசைநார் அறுவை, பிறகு பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் பயிற்சி, 2024 மார்ச்சில் ஐ.பி.எல். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஏறத்தாழ பதினைந்து மாதமும் பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை நிறுத்தி வைக்க கிரிக்கெட் வாரியத்தால் முடிந்தது.

எல்லோருக்கும் கத்தி வேண்டும் என்பதும் இல்லை. 121 இளைஞர்களை வைத்து ஸ்வீடனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று போனவர்கள், உடனே அறுவை செய்துகொண்டவர்களை விட இரண்டாண்டு முடிவில் பின்தங்கவில்லை. ஆனால் அதற்கும் முறையான பிசியோதெரபி வேண்டும். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் பொழியூர்ப் பையனுக்குக் கிடைக்காமல் போவது அதுதான்.

வழி இருக்கிறது. தமிழகம் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டை அனுப்புகிறது. நோயாளிகளுக்காக வந்த அந்த ஏற்பாட்டை இரு மாநிலமும் விளையாட்டு வீரருக்கும் விரிக்கலாம். நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் வாரம் சில மாலைகள் முட்டிக்கென்று ஒதுக்கலாம். ‘ஒரு பஞ்சாயத்து, ஒரு மைதானம்’ என்று களம் கட்டும் கேரளம், ஃபிஃபாவின் ‘11+’ என்ற இருபது நிமிட முன்பயிற்சியை அந்தக் களங்களில் கட்டாயமாக்கலாம். அதற்குப் பந்து தவிரக் கருவி ஏதும் வேண்டாம். ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இந்தக் காயத்துக்கு ஆளாகும் பெண்களுக்கு அது இன்னும் அவசியம்.

கணக்கும் வேண்டும். நார்வே 2004 முதல் இந்த அறுவைகளுக்குத் தேசியப் பதிவேடு வைத்திருக்கிறது. கேரளமும் தொடங்க வேண்டிய அப்படியொரு பதிவேட்டில் எத்தனை அறுவை நடந்தது என்பதோடு, எந்தத் தாலுகாவிலிருந்து வந்தவர், எத்தனை மாதம் பயிற்சி பெற்றார், மறுபடி ஆடினாரா என்ற மூன்று கட்டங்களும் இருக்கட்டும். கோப்பை வந்தால் ஊர்வாரியாக வீரர்களைக் கொண்டாடுகிற அரசுக்கு, முட்டிகளையும் ஊர்வாரியாக எண்ணுவது பெரிய வேலை இல்லை.