பிள்ளை வரவில்லையா, கூட்டி வரவில்லையா?

ஒரு குழந்தை வாயைத் திறந்து நாலைந்து சொத்தைப் பல் தெரிந்தால் "வீட்டுல கவனிக்கவே மாட்டாங்க போல" என்று சொல்லிவிடுகிறோம். நானும் சொன்னவன்தான். குழந்தைப் புறக்கணிப்பைக் கண்டுகொள்வது எப்படி என்று இங்கிலாந்துப் பல் மருத்துவர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்தபோதுதான் அது எவ்வளவு அவசரத் தீர்ப்பு என்று புரிந்தது.

2006இல் 'குழந்தைப் பாதுகாப்பும் பல் மருத்துவக் குழுவும்' என்ற கையேடு அங்குள்ள என்.எச்.எஸ். பல் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டது. 2009இல் பிரிட்டனின் குழந்தைகள் பல் மருத்துவச் சங்கம் ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. அதன்படி, குழந்தையின் வாய்நலத் தேவையை *தொடர்ந்து* கவனிக்காமல் விட்டு, அதனால் கடுமையான பாதிப்பு வரக்கூடும் என்றால்தான் அது புறக்கணிப்பு. சொத்தை மட்டும் சாட்சி ஆகாது. பெற்றோரிடம் எடுத்துச் சொல்லி, சிகிச்சைக்கும் வழி காட்டிய பிறகு என்ன நடந்தது? திரும்பத் திரும்பத் தவறும் முறைநாட்கள், பாதியில் நின்ற சிகிச்சை, மறுபடி மறுபடி வலியோடு வருவது, மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்குவது ஒரே பிள்ளைக்குப் பலமுறை நடப்பது: இவைதான் அடையாளங்கள். அதாவது மருத்துவர் பல்லை மட்டும் பார்த்தால் போதாது, பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்து என்ன செய்வது? எடுத்த எடுப்பில் புகார் இல்லை. முதலில் மருத்துவமனையே குடும்பத்தோடு பேசி உதவும். சரிவராவிட்டால் பள்ளிச் செவிலியர், குடும்ப மருத்துவர் போன்றவர்களோடு சேர்ந்து பார்க்கும். பெரிய ஆபத்து என்று தெரிந்தால்தான் குழந்தைகள் நல சேவைக்குத் தகவல். நியாயமான படிகள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்னச் சொல் மாற்றம். தவறிய முறைநாளுக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதுவதுதான் பழைய வழக்கம். அதை 'கூட்டி வரப்படவில்லை' என்று எழுதுங்கள் என்கிறார்கள். ஷெஃபீல்டில் இதையே ஒரு நடைமுறையாக்கி, 2019இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் கட்டுரையாகவும் எழுதினார்கள். ஏழு வயசுப் பிள்ளை தானாக பஸ் ஏறி வராதே! 'வரவில்லை' என்று எழுதினால் கோப்பு மூடிவிடும். 'கூட்டி வரப்படவில்லை' என்று எழுதினால், "ஏன்?" என்று யாராவது போன் எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் என் குறை இங்கேதான் தொடங்குகிறது. அந்த "ஏன்?" பெற்றோரை நோக்கியே போகிறது. நைஸ் அமைப்பின் 2009 வழிகாட்டி கொஞ்சம் கவனமாகவே எழுதியிருக்கிறது: என்.எச்.எஸ். சிகிச்சை *கிடைக்கும் நிலையில் இருந்தும்* தொடர்ந்து பெறாமல் விட்டால்தான் புறக்கணிப்பைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அந்த நிபந்தனை இன்று எத்தனை ஊரில் செல்லும்? 18 வயதுக்குக் கீழே என்.எச்.எஸ். பல் சிகிச்சை இலவசம், சரி. ஆனால் 2022இல் பிபிசி விசாரித்தபோது பத்தில் எட்டு மருத்துவமனைகள் புதிதாகக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் காரணமே பல் சொத்தைதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இடமே கிடைக்காத பிள்ளைக்குத் தவறவிட முறைநாளும் இல்லை. அதன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பல வருஷம் கழித்து வாய் முழுக்கச் சொத்தையோடு அவசரப் பிரிவுக்கு வரும்போது, அதைப் பார்க்கிற மருத்துவர் யாரைச் சந்தேகிப்பார்? அம்மாவைத்தான்.

ஆகவே 'வரவில்லை', 'கூட்டி வரப்படவில்லை' இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்: 'சேர்த்துக்கொள்ளப்படவில்லை'. அதை எழுத இந்த வழிகாட்டிகளில் இன்னும் கட்டம் இல்லை. புறக்கணிப்பைக் கண்டுபிடிக்க மருத்துவரைப் பழக்குவது நல்ல காரியம்தான். ஆனால் வீட்டுக்காரர்களைக் கேட்கும் அதே கேள்வியை மருத்துவமனை தன் வாசலையும் பார்த்துக் கேட்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும் பிள்ளைக்கு, யார் கைவிட்டாலும் வலி ஒன்றுதான்.