சித்ராலயா கோபுவும் நமது சிரிப்பும்

கொட்டகையை விட்டு வெளியே வருவோரிடம், "வயிறு நோகச் சிரித்தீர்களே, அச்சிரிப்பை எழுதியவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள். தங்கவேலு தாமே பேசினார், நாகேஷ் தாமே பேசினார் என்பதே பொது மக்களின் எண்ணம். நடிகரின் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் ஏர் பிடித்தவனை மறந்துவிட்டு, சோறு பரிமாறியவனை மட்டும் வாழ்த்துவது முறையாகாது. இவ்வாறு மறக்கப்பட்டோருள் முதன்மையானவர் சித்ராலயா கோபு.

செங்கற்பட்டில் டைரக்டர் ஸ்ரீதரோடு ஒரே பள்ளியில் பயின்ற இவர், 1959-இல் வெளிவந்த "கல்யாண பரிசு" படத்தின் நகைச்சுவைப் பகுதியை எழுதினார். பின்னர் ஸ்ரீதரின் "சித்ராலயா" நிறுவனப் பெயரே இவருக்கு அடைமொழியாயிற்று. 1964-இல் "காதலிக்க நேரமில்லை" வந்தது. இவரது மேடை நாடகம் 1968-இல் "கலாட்டா கல்யாணம்" என்னும் படமாயிற்று. 1972-இல் ஏ.வி.எம். நிறுவனத்திற்காகத் தமது நாடகமான "காசேதான் கடவுளடா"வைத் தாமே இயக்கினார்.

இவரைப் பற்றி நம் சீர்திருத்த நண்பர்கள் கூறும் குறை ஒன்றுண்டு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908-1957) சிரிக்க வைத்தார். உடன் சிந்திக்கவும் வைத்தார். அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதிய "நல்லதம்பி"யில் (1949) அவர் நடத்திய கிந்தனார் காலட்சேபம், சாதி வேற்றுமையை எள்ளி நகையாடிற்று. கோபுவோ எந்த உபதேசமும் செய்யவில்லை. ஆதலால் அவர் சிரிப்பு வெறும் பொழுதுபோக்கே என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தை நாம் முழுவதும் ஒப்புவதற்கில்லை. உபதேசம் உண்டா என்பதைக் காட்டிலும், சிரிப்பு யார்மீது விழுகிறது என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

"கல்யாண பரிசு"வில் வேலையற்ற பைரவன், மன்னார் அண்ட் கம்பெனியில் உத்தியோகம் என்று பொய் சொல்லித் திரிகிறான். எழுத்தாளன் என்றும் பெருமை பேசுகிறான். நாம் சிரிப்பது அவன் வறுமையைக் கண்டன்று. உத்தியோகம் இருந்தால்தான் மனிதன் மதிக்கப்படுவான் என்னும் உலக வழக்கு அவனை ஆட்டிவைப்பதைக் கண்டே. அக்கம்பெனியின் பெயர் தமிழர் பேச்சிற் பழமொழிபோல் புகுந்துவிட்டது. ஆபீசில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிகளாகிய நம் வகுப்பார், "நான்தான் பெரிய கிராணி" என்று ஊர்க் கடிதங்களில் அளந்ததை நினைத்தால், அந்தப் பைரவன் நமக்கு அயலான் அல்லன்.

"காதலிக்க நேரமில்லை"யில் ஒரு எஸ்டேட் முதலாளி வருகிறார். அவரால் வேலை நீக்கப்பட்ட இளைஞன் அவர் வீட்டெதிரிலேயே கூடாரமடித்துப் போராடுகிறான். பிறகு பணக்காரன் பிள்ளை என்று நடித்ததும், அதே முதலாளி குழைகிறார். அவருடைய மகன் செல்லப்பா, கையிற் காசில்லாமல் "ஓஹோ புரொடக்ஷன்ஸ்" நடத்துபவன், பேய்க்கதை சொல்லித் தந்தையை நடுநடுங்க வைக்கிறான். பாலையாவும் நாகேஷும் அக்காட்சிக்கு உயிரூட்டினர் என்பது உண்மையே. ஆயினும், ஒருவன் சொல்ல ஒருவர் கேட்பதன்றி வேறொன்றும் நிகழாத அக்காட்சியின் அமைப்பே அதன் வலிமை. 1966-இல் இப்படம் "பியார் கியே ஜா" என்று இந்தியிற் சென்றபோது, மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அதே காட்சியில் நடித்துப் புகழ் பெற்றனர். நடிகர் மாறினர், மொழி மாறிற்று, சிரிப்பு மாறவில்லை. எழுத்தின் பங்கை அறிய இதனினும் சான்று வேண்டுமோ?

"காசேதான் கடவுளடா"வில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சாமியார் வேடமிட்டுச் செல்வர் வீட்டிற்குள் நுழைகிறார். நேற்றுவரை தேநீர் ஆற்றியவர் காவி கட்டியதும் காலில் விழுகிறார்களே என்று கூட்டம் சிரிக்கிறது. நூறு பிரசங்கங்கள் செய்ய வேண்டிய வேலையை ஓர் ஆடை மாற்றம் செய்துவிடுகிறது.

இதனை நம் மேடைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அம்பாங்கிலும் கிள்ளானிலும், தோட்டத்துத் திருவிழாக்களிலும் நாம் கண்ட நகைச்சுவை நாடகங்கள் பல. அவற்றுட் பலவற்றில் சிரிப்புக்கு ஆளானவர் யார்? கள் குடித்துத் தள்ளாடும் தொழிலாளி, கறுத்த பெண், திக்கிப் பேசுவோன். முன்வரிசையில் அமர்ந்திருந்த பால்வெட்டுத் தொழிலாளரும் தம்மையே இழித்த காட்சிக்குக் கைதட்டினர். கீழே கிடப்பவனைப் பார்த்துச் சிரிப்பதற்குத் திறமை வேண்டியதில்லை. மேலே இருப்பவனைச் சிரிப்புக்கு ஆளாக்குவதே கலை. அதனைக் கோபு அறிந்திருந்தார்.

எனினும் அவரிடம் குறையே இல்லை என்று கூறோம். அவர் கதைகளில் முதலாளி ஒருபொழுது நாணமடைகிறார். முடிவில் எல்லாம் திருமணத்தில் சுபமாகின்றன. பங்களாவும் தோட்டமும் முன்போலவே நிற்கின்றன. எஸ்டேட்டைக் காட்டிய படத்தில் அதன் உழைப்பாளிக்குக் கதையில் இடமில்லை. பணத்தாசையைக் கேலி செய்தவர், பணம் எங்கிருந்து விளைந்தது என்று கேட்கவில்லை. கலைவாணர் நின்ற இடத்திற்குக் கோபு வந்து சேரவில்லை என்று நாம் கூறுவது இதனாலேயே. உபதேசம் இல்லை என்பதனால் அன்று.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியவர்கள் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் இளைஞர்களே. துரையின் பங்களாவையும் லயத்து வீட்டையும் ஒருங்கே கண்டவர் நம்மவர். பிறரைப் புண்படுத்தாமல் பொய்ம்மையைப் புண்படுத்தும் சிரிப்பை அவர்கள் எழுதட்டும். அடுத்த திருவிழா மேடையில், தொழிலாளி தன்னை நினைத்து வெட்கப்படாமல் சிரிக்கும் நாடகம் ஒன்று ஏறுமாயின், அதுவே கோபுவுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.