இறந்த பெண்ணை யார் நினைக்கிறார்கள்? சுழல், வதந்தி, அடோலசென்ஸ் தொடர்களை முன்வைத்து

அண்மையில் மூன்று இணையத் தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முடித்தேன். அமேசான் பிரைம் தளத்தில் 2022 ஜூன் மாதம் வெளிவந்த 'சுழல்' தொடரின் முதல் பருவம், அதே ஆண்டு டிசம்பரில் அதே தளத்தில் வந்த 'வதந்தி', நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 2025 மார்ச் மாதம் வந்த 'அடோலசென்ஸ்' ஆகியவையே அவை. முதல் இரண்டும் தமிழ்நாட்டில் நடக்கும் கதைகள். மூன்றாவது இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள ஒரு ஊரில் நடப்பது. மூன்றிலும் நடுவில் இருப்பவள் ஓர் இளம்பெண். அவள் காணாமல் போகிறாள், அல்லது கொல்லப்படுகிறாள். அதன்பிறகு காவல்துறையும் ஊரும் குடும்பமும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கின்றன.

இம்மூன்றையும் ஒரே கேள்வியை வைத்து ஒப்பிடலாம் என்று தோன்றியது. தொடர் முடியும்போது அந்தப் பெண்ணைப் பற்றி நமக்கு என்ன தெரிகிறது? (தமிழ்த் தொடர்கள் இரண்டிலும் குற்றவாளி யார் என்று இங்கே சொல்லவில்லை. 'அடோலசென்ஸ்' தொடரில் அது முதல் பகுதியிலேயே தெரிந்துவிடும் என்பதால் அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.)

எட்டுப் பகுதிகளின் கணக்கு

'சுழல்', 'வதந்தி' இரண்டுமே எட்டுப் பகுதிகள் கொண்டவை. எட்டும் ஒரே நாளில் வெளியிடப்பட்டவை. திரையரங்கில் இரண்டரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கும் துப்பறியும் கதையை ஆறு மணி நேரத்துக்கும் மேலாக நீட்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி சந்தேகம். ஒவ்வொரு பகுதியின் கடைசி நிமிடத்திலும் புதிதாக ஒருவர் மீது சந்தேகம் விழும். அடுத்த பகுதி சில நொடிகளில் தானாகவே ஓடத் தொடங்கும். நாமும் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருப்போம். அடுத்த பகுதியின் நடுவில் அவர் குற்றமற்றவர் என்று தெரியும். சந்தேகம் வேறொருவர் பக்கம் நகரும்.

இந்த அமைப்பில் தவறு ஒன்றும் இல்லை. துப்பறியும் நாவல்கள் காலங்காலமாக இப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு முன்கதை வேண்டும், ஒரு ரகசியம் வேண்டும், ஓர் அழுகைக் காட்சி வேண்டும். இவர்கள் எல்லாரும் கதையில் இடம்பிடிக்கப் பிடிக்க, இறந்தவளுக்கு மிஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. இந்த விலையை மூன்று தொடர்களும் எப்படிக் கொடுக்கின்றன என்பதுதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

சுழல்: விடை வீட்டுக்குள்

புஷ்கர்–காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய தொடர் இது. சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் சிமெண்ட் ஆலை ஒன்று எரிகிறது. வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) இளைய மகள் நிலா அதே வேளையில் காணாமல் போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கியிருக்கிறது. வட தமிழ்நாட்டின் அங்காளம்மன் கோயில்களில், குறிப்பாக மேல்மலையனூரில், மாசி மாத அமாவாசையை ஒட்டி நடக்கும் இவ்விழாவைக் கதைக்குப் பின்னணியாக மட்டும் வைக்காமல், கதையின் ஓட்டத்தோடு சேர்த்தே பின்னியிருக்கிறார்கள். வேடமிட்டவர்கள் தெருவில் இறங்கும் நாட்களில் யார் முகம் உண்மை முகம் என்று கேட்பது பொருத்தமாகவே இருக்கிறது.

சந்தேகம் ஆலையைச் சுற்றி வருகிறது, சங்கத்தைச் சுற்றி வருகிறது, காவல் ஆய்வாளர் ரெஜினாவின் (ஸ்ரேயா ரெட்டி) குடும்பத்தையும் விடுவதில்லை. கடைசியில் விடை வீட்டுக்குள் இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பெரும்பாலும் தெரிந்தவர்களாலேயே நிகழ்கிறது என்ற உண்மையைத் தமிழில் இவ்வளவு பரவலாகப் பார்க்கப்பட்ட ஒரு தொடர் நேராகச் சொன்னது முக்கியமான செயல்.

ஆனால் அந்த உண்மை ஒரு புதிரின் விடையாக வருவதால், வந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. அதைப் பற்றிப் பேச நேரமில்லை. ஆறு பகுதிகள் ஆலை அரசியலுக்குக் கொடுத்துவிட்டு இறுதியில் அவசரப்படுகிறார்கள். இக்குறையை ஓரளவு ஈடுகட்டுவது அக்கா நந்தினியாக வரும் ஐஸ்வர்யா ராஜேஷின் நடிப்பு. தொடக்கத்திலிருந்தே அவர் முகத்தில் உள்ள இறுக்கத்துக்குக் காரணம் முடிவில்தான் புரிகிறது. நிலாவின் குரலை நாம் அதிகம் கேட்கவில்லை. ஆனால் நிலாவுக்கு என்ன நடந்திருக்கும் என்று அறிந்த ஒரு பெண் உயிரோடு கதையில் நடமாடுகிறாள்.

வதந்தி: எல்லாரும் சொல்லும் பெண்

ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய 'வதந்தி' கன்னியாகுமரிப் பக்கம் நடக்கிறது. படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்த இடத்தில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. இறந்தவர் பிரபல நடிகை என்று செய்தி பரவுகிறது. அந்த நடிகையோ உயிரோடு இருக்கிறார். இறந்தவள் வெலோனி என்ற ஆங்கிலோ–இந்தியப் பெண். தங்கும் விடுதி நடத்தும் ரூபியின் (லைலா) மகள். ஆக, அவளுக்குச் சொந்தமான சாவே முதலில் வேறொருத்தியின் பேரில்தான் செய்தியாகிறது.

உதவி ஆய்வாளர் விவேக் (எஸ். ஜே. சூர்யா) விசாரிக்கும் ஒவ்வொருவரும் ஒரு வெலோனியைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு அவள் அப்பாவி, ஒருவருக்கு அடங்காதவள், இன்னொருவருக்கு ஆண்களை மயக்குபவள். காட்சியில் நாம் பார்ப்பதும் அந்தந்த ஆள் சொல்லும் வெலோனியைத்தான்.

இத்தொடரை ஒரு விடுமுறை நாளில் என் அக்காவோடு பார்த்தேன். மூன்றாவது பகுதியோ நான்காவது பகுதியோ ஓடும்போது, "இந்தப் பொண்ணு கொஞ்சம் அப்படித்தான் போலிருக்கு" என்றேன். அக்கா திரும்பிப் பார்த்து, "இதுவரைக்கும் அவ ஒரு வார்த்தையாவது தானா பேசியிருக்காளா? எல்லாம் அடுத்தவங்க சொன்னதுதானே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் பேச்சை நம்பி, இறந்துபோன ஒரு பெண்ணின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டுவிட்டிருந்தேன்.

பார்வையாளரை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் 'வதந்தி'யின் வெற்றி. சந்தேகத்தை நகர்த்தும் அதே எட்டுப் பகுதி உத்தியை எடுத்து, அந்த உத்தியையே விசாரணைக்கு உட்படுத்துகிறது. குறைகளும் உண்டு. விவேக்கின் வெறித்தனமான தேடலும் அதனால் அவர் வீட்டில் எழும் சிக்கலும் சில இடங்களில் வெலோனியை மறைத்துவிடுகின்றன. நடுப் பகுதிகள் இழுவையாக இருக்கின்றன. வதந்தியைக் கண்டிக்கும் தொடரே அவள் அழகின் மீது கேமராவைத் தேவைக்கு அதிகமாக நிறுத்துவதும் உறுத்துகிறது.

அடோலசென்ஸ்: தன் குறையை அறிந்த தொடர்

ஜாக் தார்ன், ஸ்டீபன் கிரஹாம் இருவரும் எழுதி, பிலிப் பரன்டினி இயக்கிய இத்தொடர் நான்கே பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் வெட்டு இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. காலையில் காவலர்கள் கதவை உடைத்து நுழைந்து ஜேமி என்ற 13 வயதுச் சிறுவனைக் கைது செய்கிறார்கள். உடன் படித்த கேட்டி என்ற மாணவியைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அவன் மறுக்கிறான். முதல் பகுதியின் முடிவிலேயே கண்காணிப்புக் கேமராப் பதிவு உண்மையைக் காட்டிவிடுகிறது. 'யார்' என்ற கேள்வி அத்தோடு தீர்ந்துபோகிறது. எஞ்சிய மூன்று பகுதிகளும் 'ஏன்' என்பதற்கே. பள்ளியில் ஒரு நாள், மனநல நிபுணரோடு ஓர் அமர்வு, தந்தையின் ஐம்பதாவது பிறந்தநாள் என்று கதை நகர்கிறது.

இன்ஸ்டாகிராமில் கேட்டி இட்ட இமோஜிகளை நட்பின் அடையாளம் என்று புலனாய்வு அதிகாரி நினைத்துக்கொண்டிருக்க, அவற்றின் உண்மைப் பொருளை அவர் மகன் விளக்கும் காட்சி மறக்க முடியாதது. ஒரே வீட்டில் வாழும் தந்தைக்கும் மகனுக்கும் மொழி வேறாகிவிட்டது. ஜேமியாக நடித்த ஓவன் கூப்பர் இதற்காக 15 வயதில் எம்மி விருது பெற்றார்.

இவ்வளவு சிறப்பான தொடரிலும் கேட்டியைப் பற்றி நமக்குத் தெரிவது மிகக் குறைவு. அவளது அந்தரங்கப் படம் பள்ளியில் பரவியது, அவள் இட்ட பின்னூட்டங்கள், தோழி ஜேடின் கோபம், ஜேமி தன் வாயால் சொல்வது, அவ்வளவுதான். அவள் பெற்றோரை நாம் சந்திப்பதில்லை. எல்லாரும் ஜேமியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை யாரும் நினைக்க மாட்டார்கள் என்று இரண்டாம் பகுதியில் பெண் காவல் அதிகாரி ஒருவர் வருந்துகிறார். எழுதியவர்களுக்குத் தங்கள் குறை தெரிந்திருக்கிறது. ஆனால் அதை ஒரு வசனமாகச் சொன்னதோடு நின்றுவிட்டார்கள். குறையை ஒப்புக்கொள்வது அதைச் சரிசெய்வதாகாது.

பார்ப்பவரின் பங்கு

கலைநயத்தில் மூன்றில் சிறந்தது 'அடோலசென்ஸ்' என்பதில் எனக்கு ஐயமில்லை. சொன்ன செய்தியின் துணிவில் 'சுழல்' நிற்கிறது. ஆனால் இறந்தவளின் பக்கம் நின்று பார்த்தால், குறைகளோடு இருந்தும் 'வதந்தி'யே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்ற இரண்டும் குற்றவாளியையும் சமூகத்தையும் பற்றி யோசிக்க வைத்தன. 'வதந்தி' என் சொந்த வாயைப் பற்றி யோசிக்க வைத்தது.

திரைவிமர்சனம் எழுதிப் பழகும் மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். இத்தகைய தொடரைப் பார்த்து முடித்ததும், கொலையைக் குறிப்பிடாமல் அந்தப் பெண்ணைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதிப் பாருங்கள். அவளுக்கு என்ன பிடிக்கும், யாரோடு சிரித்துப் பேசுவாள், எதற்குக் கோபப்படுவாள் என்று. எழுத முடிந்தால் அத்தொடர் அவளுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறது. நான் இம்மூன்றுக்கும் எழுதிப் பார்த்தேன். வெலோனிக்கு நான்கு வாக்கியம் வந்தது, நிலாவுக்கு மூன்று. கேட்டிக்கு இரண்டு எழுதினேன், அதில் ஒன்று ஜேமி சொன்னது என்பதால் அடித்துவிட்டேன்.