தறிக்கு அளந்த கண்ணாடி

வெள்ளெழுத்துக் கண்ணாடியை யாரும் உதவிக்கருவியாக மதிப்பதில்லை. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட அதற்கு இல்லை. ஆனால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாற்பதைத் தாண்டிய நெசவாளர் ஒருவர் தறியில் நீடிப்பாரா என்பதில் அந்தக் கண்ணாடிக்குப் பெரும் பங்கு உண்டு.

அதன் பயனுக்கு வலுவான சான்று அசாமில் கிடைத்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தேயிலைத் தொழிலாளர்களை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு, 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. கண்ணாடியால் விளைந்த கூடுதல் உற்பத்தி 21.7 சதவீதம்.

இந்த எண்ணை அப்படியே காஞ்சிக்குக் கொண்டுவர முடியாது. தேயிலையில் அளவுகோல் பறித்த இலையின் எடை. பட்டில் வேகம் கண்ணை மட்டும் நம்பியில்லை. உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலையில் இரண்டுக்கும் தனித்தனி நாடா; உடன் ஓர் ஆள் வேண்டும். தறியில் ஏற்ற வேண்டிய அடுத்த பாவு (நீள இழைகள்) தாமதமானால் எந்தக் கண்ணாடியும் கூலியைக் கூட்டாது. கண்ணாடியின் பலன் இங்கே பழுது குறைவதில்தான் தெரியும்: அறுந்த இழையை உடனே கண்டு முடிச்சிடுவது, கோர்வை பிசகாமல் பிடிப்பது.

அதற்கும் நிபந்தனை உண்டு. கடையில் வாங்கும் கண்ணாடி புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு ஏற்றது. குழித்தறியில் நெய்த துணி மார்புக்கு அருகே இருக்கிறது. இழை அறுந்தால், ஊடை இழையை நெருக்கும் அச்சையும் தாண்டி, பாவு இழைகளைத் தூக்கும் விழுதுவரை பார்க்க வேண்டும். ஒரே பவர் இரண்டுக்கும் போதாது. நெசவாளர் நலவாரியம் கண்ணாடிக்கு உதவித்தொகை தருவது நல்லது. ஆனால் தறியில் உட்காரவைத்துத் தூரத்தை அளக்காமல் தரும் கண்ணாடி பெட்டிக்குள்தான் கிடக்கும். தறிமேல் நிழல் விழாத நல்ல விளக்கும் அதோடு சேர வேண்டும்.

கண்புரைக்கும் விழித்திரை நோய்க்கும் இது மருந்தல்ல. கண்ணாடி கொடுக்கும் முகாமில் அவற்றையும் சோதித்தாக வேண்டும். முழுப் பார்வையிழந்தோரின் உரிமை தனி; 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் பார்வைக் குறைபாடுள்ளோருக்கு ஒதுக்கிய 1 சதவீதத்தை இதைக் காட்டித் தட்டிக்கழிக்கக் கூடாது.

என் முடிவு இது: செலவையும் சான்றையும் சேர்த்து நிறுத்தால், பட்டுத்தறிக்கு முதலில் வர வேண்டிய கருவி இந்தக் கண்ணாடியே. கூட்டுறவுச் சங்கங்கள் அதை நூல், ஜரிகைபோல உற்பத்திச் செலவில் சேர்த்து, தறியிலேயே அளந்து தர வேண்டும்.