சொல் நீங்கிய மெட்டு: பிரெஞ்சு நகையிசை நாடகமும் குழல் - ஹார்ப் இசையமைப்பும்

'ஒப்பெரா கொமிக்' எனப்படும் பிரெஞ்சு நகையிசை நாடகம், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாரிஸ் நகரின் சென் ஜெர்மன், சென் லோரன் சந்தைக் கொட்டகைகளில் உருவாகியது. பாடி நடிக்கும் தனியுரிமை அரச இசைக்கழகத்திடம் இருந்தமையால், சந்தை நடிகர் பாடுதல் தடுக்கப்பட்ட காலமும் உண்டு. அவ்வேளை அவர்கள் பாட்டின் வரிகளைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டனர். கருவியாளர் ஊரறிந்த மெட்டை வாசிக்கப் பார்வையாளரே பாடினர். நடிகர் ஊமையாயினர், சபை வாய்பெற்றது.

இந்நாடகப் பாடல்களைக் குழலுக்கும், ஹார்ப் எனும் மேலைத்தேய யாழுக்கும் அமைத்து வாசிக்கும் வழக்கத்தை மதிப்பிட முற்படுவோர் இச்செய்தியை மறத்தலாகாது. பாடகர் இன்றியும் மெட்டுப் பேசும். ஆனால் கேட்போர் அதன் சொல்லை அறிந்திருத்தல் வேண்டும்.

1762இல் ஒப்பெரா கொமிக் இத்தாலிய நாடகக் குழுவுடன் இணைக்கப்பட்டது. மொன்சிஞி, கிரெத்ரி முதலியோரின் புதிய பாடல்கள் பழைய மெட்டுகளின் இடத்தைப் பெற்றன. இதே காலத்தில் மிதிகள் பொருந்திய ஹார்ப் உயர்குடி மகளிரின் கருவியாயிற்று. அரசி மரீ அந்துவானெத்தும் அதனை வாசித்தவர். 1778இல் மொசார்ட் பாரிஸில் இவ்விரு கருவிகளுக்குமாக இயற்றிய கொன்சேட்டோ, குழல் வாசித்த ஒரு பிரபுவுக்கும் ஹார்ப் வாசித்த அவர்தம் மகளுக்கும் உரியது. சந்தையிற் பிறந்த கலை வரவேற்பறையை அடைந்த சூழல் இதுவே.

குழல் பாடகரின் குரலையும், ஹார்ப் வாத்தியக் குழுவின் துணையையும் ஏற்கின்றன. எளிய தனிப்பாடல்கள் இதனாற் பெரிதும் குறைபடுவதில்லை. மரக்குழலின் மூச்சு குரலுக்கு அண்மையதன்றோ! ஹார்ப்பின் நிலை சற்று வேறு. அக்காலக் கருவியின் ஒவ்வொரு மிதியும் ஒரு சுரத்தை அரைச்சுரம் மட்டுமே உயர்த்தும். சுருதி அடிக்கடி மாறும் பகுதிகள் அதற்கு எளிதில் ஒவ்வா.

நாடகத்தின் உயிர்நிலைகளிலோ இழப்புப் பெரிது. கிரெத்ரியின் 'செமீரும் அசோரும்' (1771) நாடகத்தில், மாயக்கண்ணாடியில் தோன்றும் தந்தையும் சகோதரியர் இருவரும் பிரிந்த செமீருக்காக அழுது பாடும் மூவர்பாட்டு உண்டு. கிளாரினெற், ஹோர்ன், பஸூன் ஆகியன மேடைக்குப் பின்னிருந்து ஒலிக்கின்றன. அத்தொலைவே அப்பாட்டின் துயரம். ஒரே அறையில் அருகருகே அமர்ந்து வாசிக்கும் இருவர் அதனை எங்ஙனம் தருதல் கூடும்? 'சிங்கநெஞ்சன் ரிச்சார்ட்' (1784) மேலும் தெளிவான சான்று. சிறைப்பட்ட மன்னனை அவனது பாணன் புளொந்தெல் ஒரு மெட்டினாலே கண்டறிகிறான். அம்மெட்டு நாடகத்திற் பலமுறை மீண்டு வருகின்றது. ஒருமுறை வாசித்து நிறுத்தும் அமைப்பில் அது இனியதொரு மெட்டு, அவ்வளவே.

அந்நாடகத்தின் மற்றொரு பாடல், 1789 ஒக்டோபர் 1ஆந் திகதி வெர்சாயில் மெய்காவற் படையினரின் விருந்தில் இசைக்கப்பட்டபோது, கேட்டோர் நினைவில் நின்றவன் ரிச்சார்ட் அல்லன். தம் மன்னன் லூயியே. அதன்பின் அது அரசகட்சியினரின் பாட்டாயிற்று. அன்று அதனைக் குழலில் மட்டும் வாசித்திருப்பினும் அச்சொற்கள் செவியில் ஒலித்தேயிருக்கும். இன்றைய அவையோருட் பெரும்பாலார்க்கு அவை தெரியா. ஆதலின் இவ்வமைப்புகளை மேடையேற்றுவோர், பாடல் எந்நாடகத்தில், எவ்விடத்தில், எவராற் பாடப்படுவது என்பதனை நிகழ்ச்சித் தாளிலேனும் அச்சிடுதல் வேண்டும்.