படிவத்தில் எழும் குறிப்புகள்: வேர்ட் மேக்ரோ பற்றி ஒரு மதிப்பீடு

விண்ணப்பப் படிவம் எதுவாயினும், அதைத் தயாரித்தவருக்கு வெட்டவெளிச்சமாக விளங்கும் விஷயம், அதைப் பூர்த்தி செய்ய உட்காருகிறவருக்கு அவ்வாறே விளங்கிவிடும் என்பதற்கு யாதொரு நிச்சயமும் இல்லை. தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னே இடுவதா பின்னே இடுவதா, பிறந்த தேதியில் முதலில் வருவது நாளா மாதமா என்ற சந்தேகங்களுக்கெல்லாம் காகிதப் படிவத்தில் அடிக்குறிப்பு ஒன்றே கதி. கணினிப் படிவத்திலோ, கட்டத்துக்குள் கர்சர் நுழைந்த கணத்திலேயே அதற்குரிய விளக்கம் திரையில் எழுந்து நிற்குமாறு செய்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் வேர்டிலுள்ள இந்த வசதியை, நூலக உறுப்பினர் விண்ணப்பம் ஒன்றை அமைத்துச் சோதித்ததில் உண்டான அபிப்பிராயங்களே இவை.

டெவலப்பர் தாவலில் பழைய படிவக் கருவிகள் என்ற பிரிவில், எழுத்துக் கட்டம், தேர்வுப்பெட்டி, 25 இனங்கள் வரை கொள்ளும் கீழிறங்கு பட்டியல் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பண்புகளிலும், நுழையும்போது ஒரு மேக்ரோவும் (அதாவது, ஆவணத்துக்குள் எழுதி வைக்கும் சிறு நிரலும்) வெளியேறும்போது ஒரு மேக்ரோவும் இயங்குமாறு நியமிக்க இடமுண்டு. ஆயினும், படிவத்தைப் பூர்த்தி செய்ய மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பை ஆவணத்துக்கு இட்டாலன்றி அவை இயங்கா. கட்டத்துக்கு ஒன்றாக மேக்ரோ எழுதிக் குவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு கட்டமும் ஒரு புக்மார்க் பெயரைத் தாங்கியிருப்பதால், அப்பெயரைப் பார்த்து உரிய குறிப்பைத் தேர்ந்தெடுத்துச் செய்திப் பெட்டியில் காட்டும் ஒரே மேக்ரோ படிவம் முழுவதற்கும் போதுமானது.

அமைப்பது இவ்வளவு சுலபமாயினும், அனுபவிப்பது அவ்வளவு சுகமாயில்லை. முந்திய கட்டத்துக்குத் திரும்பினாலும், தவறுதலாகத் தாவல் விசையை அழுத்தினாலும், செய்திப் பெட்டி மறுபடியும் குதித்தெழுந்து, சரியென்ற பொத்தானை அழுத்தினாலொழிய ஓர் எழுத்தும் தட்டவிடாமல் வழிமறிக்கிறது. ஒவ்வொரு கவளத்துக்கும் உப்புப் போதுமா என்று விசாரிக்கும் உபசாரம் இது. இதைவிட விவேகமான ஏற்பாடு அதே பண்புப் பெட்டியில் மேக்ரோ இன்றியே இருக்கிறது: திரையின் அடியிலுள்ள நிலைப்பட்டையில் 138 எழுத்துக்குறிகள் வரையிலும், எஃப்1 விசையை அழுத்தினால் தோன்றுமாறு 255 எழுத்துக்குறிகள் வரையிலும் விளக்கம் எழுதி வைக்கலாம்.

தமிழில் குறிப்பு எழுத விரும்புகிறவர்களுக்கு விசேஷமான இடையூறு ஒன்று காத்திருக்கிறது. மேக்ரோவை எழுத உதவும் விஷுவல் பேசிக் தொகுப்பான் யூனிகோடை ஏற்பதில்லை. யூனிகோடுக்கு முந்திய குறியீட்டுப் பக்கம் எதுவும் விண்டோஸில் தமிழுக்கு ஒதுக்கப்படாமையால், அங்கே தட்டும் தமிழ் எழுத்துகள் வழக்கமான அமைப்பில் கேள்விக்குறிகளாகவே மாறுகின்றன. 'அ' என்பதற்கு 2949 என்றவாறு எண்களைக் கோத்து வாக்கியத்தை உருவாக்கினாலும், சாதாரண செய்திப் பெட்டி அதையும் கேள்விக்குறிகளாகவே காட்டிவிடுகிறது. பரிகாரம் இல்லாமலில்லை: குறிப்புகளை ஆவணத்தின் கடைசியில் ஓர் அட்டவணையாக எழுதி வைத்து, மேக்ரோ அவற்றை எடுத்துவந்து யூசர்ஃபார்ம் என்ற தனிச் சாளரத்தில் காட்டுமாறு செய்தால், தமிழ் பழுதின்றித் தோன்றுகிறது.

வேர்ட் 2007 முதற்கொண்டு வந்துள்ள உள்ளடக்கக் கட்டுப்பாடுகளில் இந்தச் சிரமம் வெகுவாகக் குறைகிறது. கட்டம் காலியாயிருக்கையில் மங்கலாகத் தெரியும் வாசகத்தையே குறிப்பாக எழுதிவிடலாம். அது ஆவணத்தின் பகுதியாகையால் தமிழுக்குத் தடையில்லை. மேலும், பழைய கட்டங்களில் வெளியேறும் மேக்ரோ தவறைக் கண்டுபிடித்த பின்னும் கர்சர் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இவற்றிலோ, வெளியேற்றத்தையே ரத்துச் செய்து, பிழை திருந்தும்வரை கர்சரை அங்கேயே நிறுத்தி வைக்க வழியுண்டு.

மேக்ரோவுக்கென்று ஒரு பூர்வ சரித்திரமும் உண்டு. 1995-இல் கான்செப்ட் என்ற வைரஸும், 1999-இல் மெலிசாவும் வேர்ட் மேக்ரோவின் வழியாகவே பரவின. இத்தகைய ஆபத்தை முன்னிட்டு, இணையத்திலிருந்து வந்த கோப்புகளிலுள்ள மேக்ரோக்களைத் தானாகவே தடுத்துவிடும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022-இல் அமலுக்குக் கொண்டுவந்தது. மேக்ரோ தாங்கிய கோப்பை டாக்எம் வடிவில் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பினால், பெறுகிறவரிடம் அது ஊமையாகிப் போகலாம். உலாவியில் இயங்கும் வேர்டிலும் கைப்பேசி வேர்டிலும் மேக்ரோ இயங்குவதேயில்லை.

ஆதலால், ஓர் அலுவலகத்தின் சொந்தக் கணினிகளுக்குள்ளேயே சுற்றிவரும் படிவமாயின், பிழை நேர்ந்தால் நஷ்டம் விளையக்கூடிய ஓரிரு கட்டங்களுக்கு மட்டும் இந்த எழும் குறிப்பைப் பயன்படுத்தலாம் என்பதே என் சிபாரிசு. பொதுமக்களுக்கு அனுப்பும் படிவத்திலோ, விளக்கத்தைக் கட்டத்தின் அருகிலேயே அச்சிட்டு, மங்கல் வாசகத்தையும் சேர்த்துவிட்டு, மேக்ரோவை விலக்கிவிடுவது உத்தமம். ஏனெனில், இயங்காத மேக்ரோவுக்குள் அடைபட்ட குறிப்பு, அது அவசியமாகத் தேவைப்படுகிறவரின் கண்ணுக்கே படாமல் போய்விடும்.