மாலினியூ கேள்வியும் டெல்லிச் சிறாரும்

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பார்த்து இனங்காணப் பழகியவர். திடீரென்று பார்வை கிடைத்தால், தொடாமலேயே எது உருண்டை, எது கனசதுரம் என்று சொல்லிவிடுவாரா? டப்ளின்காரரான வில்லியம் மாலினியூ 1688-இல் தத்துவஞானி ஜான் லாக்கிடம் கேட்டது இதைத்தான். மாலினியூவின் மனைவியே பார்வையை இழந்தவர். அதனால் இதை வெறும் மூளை விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அறிவெல்லாம் அனுபவத்தில் வருவதே என்ற லாக், முடியாது என்றார். இன்னொரு தத்துவஞானியான லைப்னிட்ஸ் ஒப்பவில்லை: கண்ணுக்கும் கைக்கும் பொதுவான வடிவ கணிதம் ஒன்று மனத்துக்குள் உண்டு, யோசித்தால் கண்டுகொள்ளலாம் என்றார்.

1728-இல் செசல்டன் என்ற லண்டன் அறுவை மருத்துவர், பார்வை பெற்ற ஒரு சிறுவனைப் பற்றி எழுதிய குறிப்பை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாக வாசித்தன. கட்டுப்பாடான சோதனை வந்தது மிகவும் பிற்பாடு. எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம், இந்தியக் கிராமங்களில் பார்வையற்ற சிறாரைத் தேடி டெல்லியில் சிகிச்சை அளித்தது. அவர்களில் 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பேரை வைத்து நடத்திய சோதனை 2011-இல் வெளியானது. துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைத் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு கண்முன் வைக்கும் இரண்டில் அதே கட்டை எது என்று காட்ட வேண்டும். தொட்டதைத் தொட்டே அடையாளம் காண்பதில் 98 விழுக்காடு சரி. பார்த்ததைப் பார்த்தே காண்பதில் 92. தொட்டதைக் கண்ணால் காண்பதில் மட்டும் 58, ஏறக்குறைய பூவா தலையா போட்ட கணக்கு.

இந்த முறையின் பெரிய பலம் அதன் நேர்மை. நரம்பியல் ஆய்வாளர்களான ஹூபலும் வீசலும் பூனைக்குட்டியின் கண்ணைத் தைத்து மூடித்தான் பார்வை வளரும் விதத்தை ஆராய்ந்தார்கள். இங்கே யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பார்வை கிடைத்தது, ஆய்வு அதன் பின்னால் வந்தது.

ஆனால் 58 என்ற எண்ணைக் காட்டி லாக்கின் கட்சி வென்றது என்பது அவசரம். 92 விழுக்காடு வந்ததாலேயே அவர்கள் வடிவத்தைக் கண்டார்கள் என்றாகாது. படத்தோடு படத்தைப் பொருத்தியும் அந்த மதிப்பெண்ணை வாங்கலாம். கட்டையைச் சுற்றி நடந்து பார்க்க விட்டிருக்க வேண்டும் என்ற தத்துவ ஆய்வாளர் ஷ்வெங்க்லரின் ஆட்சேபம் நியாயமானது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இவர்கள் பச்சிளங்குழந்தைகள் அல்லர். பல ஆண்டுகள் பார்வையின்றியே வளர்ந்த மூளை அவர்களுடையது. பிறவியில் இருந்த ஏதோ ஒன்று பயன்படாமலே மங்கிப்போயிருந்தால், சோதனை அதை எப்படிக் காட்டும்? ‘இப்போது இல்லை’ என்பதிலிருந்து ‘எப்போதும் இருந்ததில்லை’ என்பதற்குத் தாவ முடியாது.

அதே திட்டத்தின் 2015-ஆம் ஆண்டு ஆய்வு லாக்கின் கட்சியை இன்னும் சங்கடப்படுத்துகிறது. சமநீளக் கோடுகள் இரண்டு. ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். நம் கண்ணுக்கு இரண்டாவதே நீளமாகத் தெரியும். சுவர்மூலைகளையும் கட்டடங்களையும் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் இது என்று ஒரு விளக்கம் நெடுநாள் செல்லுபடியானது. பார்வை பெற்ற கையோடு சோதிக்கப்பட்ட ஒன்பது சிறாரும் அதே மயக்கத்துக்கு ஆளானார்கள். அவர்கள் எந்தச் சுவர்மூலையைப் பார்த்துப் பழகினார்கள்?

2011-இன் சோதனையிலேயே பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு பகுதி இருக்கிறது. மறுபடி சோதிக்க முடிந்தவர்கள், தனிப்பயிற்சி எதுவுமின்றி, சில நாள்களிலேயே தொட்டதைக் கண்ணால் கண்டுகொள்ளத் தொடங்கினார்கள். கையையும் கண்ணையும் இணைக்கும் ஏற்பாடு முன்கூட்டியே இல்லாத மூளை இவ்வளவு விரைவாகக் கற்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. மாலினியூவின் கேள்விக்கு லாக் தந்த பதில் சரி. அந்தப் பதிலை வைத்து மனம் வெற்றுப்பலகை என்று நிறுவ முடியாது.